விண்டோஸை மட்டும் மறுபடி நிறுவ வேண்டும், மின்ட் அப்படியே இருக்க வேண்டும்: முடியுமா?

#1 · யீஷூன்_எழுத்து

வணக்கம். என் மடிக்கணினியில் விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட் இரண்டும் இருக்கின்றன. மின்ட் என் வேலைக்கு. மொழிபெயர்ப்பு, தமிழ்ப் பக்க வடிவமைப்பு எல்லாம் அதில்தான். விண்டோஸ் என் தம்பிக்கு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான், தினமும் இதை எடுத்துப்போகிறான். தேர்வுக்கான லாக்டவுன் பிரவுசர் (தேர்வின்போது வேறு எதையும் திறக்க விடாத உலாவி) லினக்ஸில் ஓடாது. இப்போது விண்டோஸ் திறந்து கொஞ்ச நேரத்தில் நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது. மின்டில் மணிக்கணக்கில் வேலை செய்தாலும் ஒன்றும் ஆவதில்லை, அதனால் வன்பொருள் கோளாறாகத் தெரியவில்லை.

ஒரு பழுதுபார்க்கும் கடையில் காட்டினேன். "மொத்த டிஸ்க்கையும் ஃபார்மட் செய்துதான் போட முடியும், லினக்ஸ் போய்விடும்" என்றார்கள். தேர்வு நெருங்குகிறது, அவனும் "அக்கா, என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். என் வேலை எல்லாம் மின்டில் இருப்பதால் கடையில் விட மனம் வரவில்லை. விண்டோஸை மட்டும் தனியாக மறுபடி நிறுவ வழி உண்டா?

#2 · தேக்கா_தம்பி

உண்டு அக்கா. ஆனால் எதையும் தொடும் முன் சில தகவல் வேண்டும். கணினி யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகிறதா (தொடங்குகிறதா), பழைய பயாஸ் முறையிலா? ஒரே டிஸ்க்கா, இரண்டா? பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகள்) பட்டியல் என்ன? மின்டில் 'டிஸ்க்ஸ்' செயலியைத் திறந்தால் படமாகவே தெரியும். அப்புறம் விண்டோஸ் பக்கம் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் மறைகுறியாக்கம்) போட்டிருக்கிறதா?

இந்தப் பதில் வரும்வரை எந்தக் கடையிலும் கொடுத்துவிடாதீர்கள்.

#3 · யீஷூன்_எழுத்து

யூஇஎஃப்ஐதான். ஒரே 512 ஜிபி என்விஎம்இ டிஸ்க். பட்டியல் வரிசையாக: 100 எம்பி, ஃபேட்32 (FAT32) என்று காட்டுகிறது. 16 எம்பி, பெயரில்லை. 237 ஜிபி, என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை), இதுதான் சி என்று நினைக்கிறேன். 700 எம்பி அளவில் இன்னொரு என்டிஎஃப்எஸ். அப்புறம் 60 ஜிபி மின்ட், 178 ஜிபி ஹோம் (என் கோப்புகள் இருக்கும் பகுதி). பிட்லாக்கர் பற்றித் தெரியவில்லை.

#4 · கருவிப்பெட்டி

ஹோம் தனிப் பார்ட்டிஷனாக இருப்பது நல்லது. சி பகுதி மின்டில் என்டிஎஃப்எஸ் என்றே தெரிகிறது, உள்ளே இருக்கும் கோப்புகளும் திறந்தால் இப்போது பிட்லாக்கர் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இருந்தாலும் தம்பியின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து மீட்புச் சாவி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 48 இலக்கம் கொண்டது. இருந்தால் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் சொன்னது ஒரு காலத்தில் பாதி உண்மை. பழைய பயாஸ் கணினிகளில் டிஸ்க்கின் முதல் செக்டரில் 446 பைட் இடத்தில்தான் பூட் நிரல் உட்காரும். இடம் ஒன்றே ஒன்று. விண்டோஸ் நிறுவி யாரையும் கேட்காமல் அங்கே தன் நிரலை எழுதிவிடும், லினக்ஸைத் திறக்கும் க்ரப் என்ற நிரல் போய்விடும். அப்போதுகூட லினக்ஸ் அழிவதில்லை, அதற்குள் நுழையும் வழிதான் அழிந்தது. லினக்ஸே போய்விட்டது என்று நினைத்து முழு டிஸ்க்கையும் அழித்தவர்கள் நிறையப் பேர். எனக்கு வருத்தம் தருவது அதுதான். பத்து நிமிடத்தில் திரும்பக் கிடைத்திருக்க வேண்டிய கோப்புகள் பயத்தால் போய்விடுகின்றன.

உங்கள் கணினியில் நிலைமை வேறு. அந்த 100 எம்பி பகுதிதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன். அதற்குள் இஎஃப்ஐ என்று ஒரு கோப்புறை, அதன் உள்ளே மைக்ரோசாஃப்ட், உபுண்டு, பூட் என்று தனித்தனிக் கோப்புறைகள். ஒவ்வொரு சிஸ்டத்தின் பூட்லோடரும் (தொடக்க நிரலும்) அதனதன் கோப்புறையில் இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று எழுதாது. மின்டைத் தேடி 'மின்ட்' என்ற பெயரைப் பார்க்காதீர்கள். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மின்ட் அங்கே உபுண்டு என்ற பெயரிலேயே இருக்கும். இது பலரைக் குழப்பும் இடம்.

இது தவிர மதர்போர்டில் ஒரு சிறிய நினைவகம் இருக்கிறது. எந்தெந்த பூட்லோடர் உண்டு, எது முதலில் என்ற பட்டியல் அதில் பதிவாகி இருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவும்போது பெரும்பாலும் நடப்பது, அந்தப் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலிடத்துக்கு வந்துவிடுவது, அவ்வளவுதான். சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் கடைப்பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையில் பெயரைக் கீழே இறக்கிவிட்டால் நான்காம் மாடிக் கடை மூடிவிட்டதாக அர்த்தமில்லை.

ஆகவே நீங்கள் காப்பாற்ற வேண்டியவை: அந்த 100 எம்பி, 60 ஜிபி, 178 ஜிபி. இவற்றை நிறுவியில் யாரும் தொடக்கூடாது.

இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். ஹோம் பகுதியை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். மின்டோடு வரும் டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது சிஸ்டம் கோப்புகளை மட்டுமே எடுக்கும், ஹோமை இயல்பாக எடுக்காது. பார்ட்டிஷன் பட்டியலையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

#5 · ஜூரோங்காரன்

ஏன் நேராகப் புதிதாக நிறுவுவதற்குப் போகிறோம்? விண்டோஸ் கொஞ்ச நேரமாவது திறக்கிறது என்கிறார். அப்படியென்றால் விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவை (முழு நிறுவல் கோப்பை) இறக்கி, இரட்டைச் சொடுக்கில் திறந்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டட்டும். கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொண்டே சிஸ்டம் கோப்புகளை மட்டும் புதிதாக எழுதும். பார்ட்டிஷன் திரையே வராது, லினக்ஸ் பக்கம் கை போகவே வாய்ப்பில்லை. தம்பியின் செயலிகளும் அப்படியே இருக்கும்.

ஐஎஸ்ஓவின் மொழி இப்போது இருக்கும் விண்டோஸின் மொழியோடு ஒத்துப்போக வேண்டும். அமெரிக்க ஆங்கிலம் இருக்கும் இடத்தில் 'இங்கிலீஷ் இன்டர்நேஷனல்' இறக்கினால் செயலிகளை வைத்துக்கொள்ளும் வாய்ப்பே காட்டாது.

#6 · கருவிப்பெட்டி

ஒப்புக்கொள்கிறேன், முதலில் இதை முயலுங்கள். பாதியில் நீலத்திரை வந்தாலும் பழைய நிலைக்குத் தானே திரும்பப் பார்க்கும். சேஃப் மோடில் இந்த செட்டப் ஓடாது என்பதால் இயல்பான விண்டோஸிலேயே செய்ய வேண்டும்.

இடையில் 'ரீசெட் திஸ் பிசி' என்ற வழியையும் சிலர் சொல்வார்கள். அதுவும் சி பகுதிக்குள் நின்றுவிடும், ஆனால் "எல்லா டிரைவ்களிலும் அழிக்கவா" என்ற தேர்வை மட்டும் இயக்கிவிடக் கூடாது. கணினித் தயாரிப்பாளர் தரும் 'தொழிற்சாலை நிலைக்குத் திருப்பு' என்பது வேறு. சில மாடல்களில் அது முழு டிஸ்க்கையும் பெட்டியிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டு சிஸ்டம்) வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

#7 · யீஷூன்_எழுத்து

ஹோம் நகல் எடுத்துவிட்டேன். ஜூரோங்காரன் சொன்னதையும் செய்தேன். பாதிக்கு மேல் போய் நீலத்திரை வந்து பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மீட்புச் சாவி கணக்கில் எதுவும் இல்லை. தம்பியின் பாடக் கோப்புகளை மின்டிலிருந்தே எடுத்து வெளி டிஸ்க்கில் போட்டுவிட்டேன்.

இனி புதிதாகத்தான். ஐஎஸ்ஓவை மின்டில் இருந்தபடியே தம்ப் டிரைவில் எப்படி எழுதுவது? மின்டின் 'யுஎஸ்பி இமேஜ் ரைட்டர்' போதுமா?

#8 · நூலக_மாடி

போதாது. அது லினக்ஸ் ஐஎஸ்ஓக்களுக்கு. அவை தம்ப் டிரைவில் அப்படியே பைட்டுக்குப் பைட் எழுதினாலே பூட் ஆகும்படி கட்டப்பட்டவை. விண்டோஸ் ஐஎஸ்ஓ அப்படி இல்லை. சரி, ஃபேட்32 தம்ப் டிரைவில் கோப்புகளை வெறுமனே நகலெடுக்கலாமே என்றால், உள்ளே இருக்கும் இன்ஸ்டால் கோப்பு இப்போதெல்லாம் 4 ஜிபியைத் தாண்டுகிறது. ஃபேட்32 அதற்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது.

வென்டாய் (Ventoy) என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். தம்ப் டிரைவில் ஒருமுறை நிறுவிவிட்டால் ஐஎஸ்ஓக்களை அப்படியே இழுத்துப் போடலாம். விண்டோஸ் ஐஎஸ்ஓவோடு லினக்ஸ் மின்ட் ஐஎஸ்ஓவையும் போட்டு வையுங்கள். பிறகு மின்டைச் சரிசெய்ய வேண்டி வந்தால் அது கையில் இருக்க வேண்டும். பழைய மின்ட் ஐஎஸ்ஓ வேண்டாம், புதியதை இறக்குங்கள். காரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய லினக்ஸ் பூட்லோடர்களை செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) ஏற்காதபடி செய்துவிட்டது. டூயல் பூட் கணினிகளுக்கு அது போகாது என்று சொல்லியிருந்தார்கள், ஆனால் போனது. பலருக்கு லினக்ஸும் திறக்கவில்லை, தம்ப் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டும் பழைய லைவ் யுஎஸ்பியும் திறக்கவில்லை. 2025 மே மாதத்து அப்டேட்டில்தான் சரிசெய்தார்கள்.

அந்தத் தம்ப் டிரைவிலேயே உங்கள் மாடலின் வைஃபை டிரைவரையும் போட்டு வையுங்கள். விண்டோஸ் 11 அமைப்பு முடியும் தறுவாயில் இணையம் கேட்டு நிற்கும். வைஃபை பிடிக்கவில்லை என்றால் ஆண்ட்ராய்டு கைபேசியைக் கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டாலும் பெரும்பாலும் வேலை செய்யும்.

#9 · நள்ளிரவுப்_பேருந்து

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சிரமம் எதற்கு? மின்டுக்குள்ளேயே ஒரு மெய்நிகர்க் கணினியில் விண்டோஸை ஓட்டிவிட்டால் பார்ட்டிஷன் பிரச்சினையே இல்லையே.

#10 · நூலக_மாடி

மற்ற வேலைகளுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். தேர்வுக்கு ஆகாது. இந்த வகை லாக்டவுன் பிரவுசர்கள் மெய்நிகர்க் கணினியைக் கண்டுபிடித்து ஓட மறுத்துவிடும், அதற்காகத்தான் அவை இருக்கின்றன. ஏதாவது தந்திரம் செய்து ஓட்டினால் தேர்வு விதிமீறல் என்று ஆகிவிடும். படிக்கும் பிள்ளைக்கு அந்த ஆபத்து வேண்டாம்.

#11 · ஜூரோங்காரன்

உண்மையான தீர்வு இரண்டு தனி டிஸ்க். மேசைக்கணினி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன்: ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ், ஒவ்வொன்றுக்கும் தனி இஎஃப்ஐ பார்ட்டிஷன். விண்டோஸை நிறுவும்போது லினக்ஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் இணைந்திருந்தால் நீங்கள் இரண்டாம் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும் விண்டோஸ் நிறுவி தன் பூட்லோடரை முதல் டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் கொண்டுபோய் வைக்கும். பின்னால் அந்த முதல் டிஸ்க்கை மாற்றும் நாளில் விண்டோஸ் திறக்காது, யாருக்கும் காரணமும் புரியாது.

#12 · கருவிப்பெட்டி

உண்மைதான், ஆனால் இவருக்கு ஒரே என்விஎம்இ. இருப்பதை வைத்துப் போவோம்.

யீஷூன்_எழுத்து, திரைகளை வரிசையாகச் சொல்கிறேன். தம்ப் டிரைவிலிருந்து பூட் செய்ததும் மொழி, கீபோர்டு கேட்கும். புதிய நிறுவியில் (விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முதல்) அடுத்து ஒரு திரையில் "கோப்புகள், செயலிகள், அமைப்புகள் உட்பட எல்லாம் அழிக்கப்படும், சம்மதிக்கிறேன்" என்ற பெட்டியில் குறியிடச் சொல்லும். முழு டிஸ்க்கும் போகப் போகிறது என்று நினைத்துப் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். இந்த இடத்தில் எதுவும் அழிவதில்லை. எந்தப் பார்ட்டிஷன் என்பதைப் பின்னால் நீங்கள்தான் தேர்ந்தெடுப்பீர்கள்.

ப்ராடக்ட் கீ கேட்டால் 'இல்லை' என்று சொல்லித் தாண்டுங்கள். கணினியோடு வந்த விண்டோஸ் என்றால் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது, விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்த இடத்தில் அதே பதிப்பைப் போட்டால் இணையம் கிடைத்ததும் தானே செயல்படும்.

பிறகு பார்ட்டிஷன் திரை. அவசரப்படாதீர்கள். விண்டோஸுக்கு லினக்ஸ் பார்ட்டிஷன்கள் என்னவென்று தெரியாது, பெயரில்லாமல் வெறும் அளவோடு காட்டும். கைபேசியில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து அளவைக் கொண்டு அடையாளம் காணுங்கள். டிஸ்க்கின் மொத்தம் 476 என்று காட்டும். பெட்டியில் போட்டிருப்பது ஆயிரத்தால் பெருக்கிய ஜிபி, விண்டோஸ் காட்டுவது 1024 கணக்கு. எதுவும் காணாமல் போகவில்லை.

237 ஜிபி பகுதியைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் மட்டும் செய்யுங்கள். டிலீட் வேண்டாம். டிலீட் செய்தாலும் வேலை நடக்கும், ஆனால் அந்த இடத்தில் நிறுவி புதிதாக மீட்புப் பகுதி ஒன்றை வெட்டிக்கொள்ளலாம், பட்டியல் நீங்கள் எடுத்த படத்தோடு ஒத்துப்போகாமல் ஆகிவிடும். 700 எம்பி, 16 எம்பி, 100 எம்பி மூன்றையும் விட்டுவிடுங்கள். 237 தேர்வில் இருப்பதை இன்னொரு முறை பார்த்துவிட்டு நெக்ஸ்ட்.

டிஸ்க்கே பட்டியலில் வரவில்லை என்றால் பதற வேண்டாம். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற வசதி இயக்கத்தில் இருக்கும், அதற்கான டிரைவரைத் தம்ப் டிரைவிலிருந்து 'லோட் டிரைவர்' வழியாகக் கொடுத்தால் தெரியும். பயாஸில் போய் விஎம்டியை அணைக்காதீர்கள். பழைய விண்டோஸ் அப்புறம் திறக்காமல் போகலாம், இந்த நிலையில் இன்னொரு குழப்பத்தைச் சேர்க்க வேண்டாம்.

#13 · யீஷூன்_எழுத்து

முடிந்தது! நீங்கள் சொன்ன திரைகள் அப்படியே வந்தன. அந்தச் சம்மதப் பெட்டியில் குறியிடும்போது கை நடுங்கியது உண்மை. விண்டோஸ் நிறுவியாகிவிட்டது, உரிமமும் தானே வந்துவிட்டது, இதுவரை நீலத்திரை இல்லை. தம்பி லாக்டவுன் பிரவுசரைப் போட்டுப் பயிற்சித் தேர்வு ஒன்று ஓட்டிப் பார்த்தான், சரியாக இருக்கிறது.

எதிர்பார்த்தபடியே இப்போது கணினி நேராக விண்டோஸுக்குப் போகிறது. கணினி தொடங்கும்போது எஃப்12 அழுத்தினால் பட்டியலில் 'உபுண்டு' இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தேன், மின்ட் திறந்தது. என் கோப்புகள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது.

#14 · தேக்கா_தம்பி

ரொம்ப மகிழ்ச்சி அக்கா! வரிசையை மாற்ற இரண்டு வழி. பயாஸ் அமைப்புக்குள் போய் பூட் வரிசையில் உபுண்டுவை மேலே ஏற்றலாம். இல்லையென்றால் மின்ட் டெர்மினலில் 'எஃபிபூட்எம்ஜிஆர்' (efibootmgr) கட்டளையை வெறுமனே ஓட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண் காட்டும். உதாரணமாக விண்டோஸ் 0000, உபுண்டு 0003 என்று வைத்துக்கொள்வோம். அதே கட்டளையை சுடோவோடு (நிர்வாகி உரிமையோடு), 'ஓ' (-o) என்ற விருப்பம் சேர்த்து 0003,0000 என்று கொடுத்தால் வரிசை மாறும்.

க்ரப் பட்டியலில் விண்டோஸ் பழையபடியே இருக்கும். இஎஃப்ஐ பார்ட்டிஷன் மாறாததால் பழைய வழியே போய்ச் சேரும், எதையும் புதுப்பிக்க வேண்டாம். புதிதாக லினக்ஸ் போடுபவர்களுக்குத்தான் ஒரு குறிப்பு: க்ரப் 2.06இலிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. பட்டியலில் விண்டோஸ் வரவில்லை என்றால் க்ரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு அப்டேட்-க்ரப் ஓட்ட வேண்டும்.

#15 · யீஷூன்_எழுத்து

மாற்றிவிட்டேன். ஒரு சந்தேகம். புதிய விண்டோஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஆன் என்று காட்டுகிறது. நான் எதையும் இயக்கவில்லையே? மின்டிலிருந்து சி பகுதியையும் இப்போது திறக்க முடியவில்லை.

#16 · ஜூரோங்காரன்

24எச்2 வந்ததிலிருந்து புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலான கணினிகளில் தானே இயங்கிவிடுகிறது. டூயல் பூட்டுக்கு அது தொல்லை. அணைத்துவிடுங்கள். மின்டிலிருந்து தம்பியின் கோப்பு வேண்டுமென்றால் எடுக்க முடியும், க்ரப் வழியாக விண்டோஸுக்குப் போனால் மீட்புச் சாவி கேட்கும் சங்கடமும் இல்லை. இந்த முறை அவன் கோப்புகளை மின்டிலிருந்துதானே காப்பாற்றினீர்கள்? மறைகுறியாக்கம் இருந்திருந்தால் முடிந்திருக்குமா?

#17 · நூலக_மாடி

நான் இதை ஏற்கவில்லை. அந்த மடிக்கணினி தினமும் எம்ஆர்டி ரயிலில் கல்லூரிக்குப் போய் வருகிறது. தொலைந்தால் எடுத்தவர் ஒரு லைவ் யுஎஸ்பி போட்டு எல்லாவற்றையும் படித்துவிடலாம். கோப்பைக் காப்பாற்ற வேண்டியது வெளி டிஸ்க்கில் இருக்கும் நகல், பூட்டாத கதவு அல்ல. சாவி கையில் இருந்தால் மின்டிலிருந்தும் பிட்லாக்கர் பகுதியைத் திறக்கலாம், 'டிஸ்க்ஸ்' செயலியே சாவியைக் கேட்டுத் திறக்கும்.

என் யோசனை: ஆனாகவே இருக்கட்டும். தம்பியின் கணக்கில் மீட்புச் சாவி பதிவாகி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், அச்செடுத்து வீட்டில் வையுங்கள். விண்டோஸுக்குப் போக க்ரப்பைத் தவிர்த்து எஃப்12 வழியாகப் போகட்டும். பூட் ஆன பாதை மாறினால் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு சந்தேகப்பட்டு அந்த 48 இலக்கத்தையும் கேட்கும். நேராகப் போனால் கேட்காது. தேர்வு அறையில் உட்கார்ந்துகொண்டு 48 இலக்கம் தேட முடியாது.

இன்னொன்று, இதில் எல்லோரும் ஒத்துப்போவோம் என்று நினைக்கிறேன்: விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருந்தால் 'ஷட் டவுன்' உண்மையில் முழு ஷட் டவுன் ஆகாது, கர்னலை உறக்க நிலையில் வைத்துவிடும். அந்த நிலையில் இருக்கும் என்டிஎஃப்எஸ் பகுதியில் லினக்ஸிலிருந்து எழுதினால் கோப்புகள் கெடும். புதிய நிறுவலில் அது மறுபடி ஆன் ஆகியிருக்கும்.

#18 · யீஷூன்_எழுத்து

தம்பி தினமும் எடுத்துப்போகிறான் என்பதால் ஆனாகவே விடுகிறேன். சாவி கணக்கில் இருந்தது, அச்செடுத்துவிட்டோம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகித்தான் இருந்தது, அணைத்தாயிற்று.

#19 · உட்லண்ட்ஸ்_வாசி

இந்த இழையை முன்பே பார்த்திருக்கலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால் ஒரு கடையில் விண்டோஸ் 11 போடக் கொடுத்தேன். உபுண்டுவைத் தொட வேண்டாம் என்று சொல்லியும், முன்னால் இருந்த சின்னப் பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்துவிட்டுப் போட்டிருக்கிறார்கள். 120 ஜிபி உபுண்டு பகுதி மட்டும் இருக்கிறது, எஃப்12இல் உபுண்டு இல்லை. என் திருமணப் படங்கள் அதில் இருக்கின்றன. ஏதாவது வழி உண்டா?

#20 · கருவிப்பெட்டி

உண்டு. அந்த 120 ஜிபி அப்படியே இருக்கிறது என்றால் படங்களும் இருக்கின்றன. விண்டோஸில் "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று எப்போதாவது செய்தி வந்தால் கேன்சல் கொடுங்கள். இது மிக முக்கியம்.

முதலில் உபுண்டு லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து படங்களை வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். சரிசெய்வது அதற்குப் பிறகுதான்.

பிறகு, லைவ் யுஎஸ்பி யூஇஎஃப்ஐ முறையில்தான் திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். எஃப்12 பட்டியலில் தம்ப் டிரைவின் பெயர் சில சமயம் இரண்டு முறை வரும், யூஇஎஃப்ஐ என்று போட்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 120 ஜிபி பகுதியை எம்என்டி (/mnt) கோப்புறையில் மவுன்ட் செய்யுங்கள் (இணையுங்கள்). விண்டோஸ் புதிதாக உருவாக்கிய இஎஃப்ஐ பார்ட்டிஷனை அதற்குள் பூட் கோப்புறையில் இருக்கும் இஎஃப்ஐ கோப்புறையில் மவுன்ட் செய்யுங்கள். டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் பைன்ட் முறையில் உள்ளே இணைத்து ச்ரூட் (chroot) செய்தால் உங்கள் பழைய உபுண்டுவுக்குள் நிற்பீர்கள். அங்கே க்ரப்-இன்ஸ்டால், பிறகு அப்டேட்-க்ரப் கட்டளைகளை ஓட்டுங்கள். பட்டியலில் உபுண்டு திரும்ப வந்துவிடும்.

ஆனால் இதோடு வெளியே வந்துவிடாதீர்கள். எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் உங்கள் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் பழைய இஎஃப்ஐ பார்ட்டிஷனின் யூயூஐடி (அடையாள எண்) எழுதியிருக்கும். அந்தப் பார்ட்டிஷன் இப்போது உலகத்தில் இல்லை. உபுண்டு திறக்கும்போது 90 வினாடி அதற்காகக் காத்திருந்து, கிடைக்காமல் எமர்ஜென்சி மோடில் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். க்ரப் சரியாகியும் லினக்ஸ் திறக்கவில்லை, எல்லாம் போச்சு என்று கைவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். ச்ரூட்டுக்குள் இருக்கும்போதே பிஎல்கேஐடி (blkid) கட்டளையை ஓட்டிப் புதிய யூயூஐடியை எடுத்து எஃப்எஸ்டேப்பில் மாற்றுங்கள். ஃபேட்32 என்பதால் அது நடுவில் ஒரு கோடு போட்ட எட்டே எழுத்துதான். லினக்ஸ் பார்ட்டிஷனுடைய நீளமான எண்ணைத் தொடாதீர்கள்.

#21 · உட்லண்ட்ஸ்_வாசி

படங்கள் வெளி டிஸ்க்கில் வந்துவிட்டன. என் மனைவி அழுதேவிட்டார். உபுண்டுவும் திறந்துவிட்டது. எஃப்எஸ்டேப் விஷயம் சொல்லாமல் இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். நன்றி அண்ணே.

#22 · யீஷூன்_எழுத்து

கேட்கும்போதே மனம் நிறைகிறது. எனக்கும் ஒரு சின்னக் கேள்வி. மின்டைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்குப் போனால் நேரம் தப்பாகக் காட்டுகிறது. மதியம் 2 மணிக்கு காலை 6 என்கிறது. முன்பு இப்படி இல்லை. தம்பியின் தேர்வு குறித்த நேரத்தில் திறக்க வேண்டியது, அதனால் கேட்கிறேன்.

#23 · தேக்கா_தம்பி

சரியாக 8 மணி நேரம் பிந்துகிறது பாருங்கள். நம் நேரம் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால். (1982க்கு முன் சிங்கப்பூர் ஏழரை மணியில் இருந்தது, அப்போது இந்தக் கோளாறு ஏழரையாகத் தெரிந்திருக்கும்.) லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. முன்பு சரியாக இருந்தது என்றால் பழைய விண்டோஸில் யாரோ ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியலில்) மாற்றி வைத்திருப்பார்கள், புதிதாக நிறுவியதில் அது போயிருக்கும்.

இரண்டு வழி உண்டு. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'டைம்ஸோன் இன்ஃபர்மேஷன்' பகுதியில் 'ரியல்டைம் இஸ் யூனிவர்சல்' என்ற பெயரில் (RealTimeIsUniversal, இடைவெளி இல்லாமல்) ஒரு டிவேர்டு மதிப்பைச் சேர்த்து 1 கொடுக்கலாம். இல்லையென்றால் மின்டில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம். உங்களுக்கு முதல் வழி நல்லது, மின்ட் பக்கம் எதையும் தொட வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள், அப்புறம் மின்டில் நேரம் தப்பாகும். மாற்றியதும் விண்டோஸில் ஒருமுறை 'சிங்க் நவ்' அழுத்துங்கள். மின்டுக்கும் போய்த் திரும்பி வந்து நேரம் அப்படியே நிற்கிறதா என்று தேர்வுக்கு முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.